ஒரு பிடி உப்பு, ஒரு துண்டு கருப்பட்டி: நோபல் கிடைக்காத குழந்தை மருத்துவரின் கதை

[காட்சி: வாலிநோக்கம் உப்பளம், காலை நேரம். தொகுப்பாளர் வரப்பில் நிற்கிறார்.]

என் வலது கையில் இருப்பது இந்தப் பாத்தியில் விளைந்த உப்பு. இடது கையில் இருப்பது சாயல்குடியில் வாங்கிய கருப்பட்டி. இரண்டையும் தண்ணீரில் போட்டால் என்ன கிடைக்கும்? பானகம் என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். உப்பும் இனிப்பும் சரியான அளவில் சேர்ந்த தண்ணீரால் பிழைத்த உயிர்கள் ஐந்து கோடிக்கும் மேல் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அந்தத் தண்ணீரை ஆஸ்பத்திரி வார்டிலிருந்து வெளியே கொண்டுவந்து தாய்மார்களின் கையில் கொடுத்தவர் ஒரு குழந்தை மருத்துவர். அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? இப்போதே கருத்துப் பகுதியில் எழுதுங்கள், கூகுளைப் பார்க்காமல்!

திலீப் மகாலனபிஸ். புள்ளியியல் மேதை மகாலனோபிஸ் வேறு, இவர் வேறு. இந்தக் குழப்பத்தாலேயே பாதிப் புகழ் அங்கே போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். 1934இல் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார், கொல்கத்தாவில் மருத்துவம் படித்தார், லண்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்தார், திரும்பி வந்து கொல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். வாழ்க்கை வரலாறு இவ்வளவு போதும், 1971க்கு வருவோம்.

வங்கதேசப் போர். எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். எல்லையோர ஊரான போன்காவில் காலரா. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு இரண்டே அறைகள். கட்டில் போதாமல் தரையில் கிடந்தவர்களுக்கு நரம்பில் ஊசி ஏற்ற வேண்டுமென்றால், வாந்தியிலும் பேதியிலும் முழங்காலிட்டுத்தான் ஏற்ற வேண்டும். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. மகாலனபிஸ் ஒரு முடிவெடுத்தார்: ஏற்றுவதற்கு இல்லையென்றால் குடிக்கக் கொடுப்போம்.

உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர் காலராவுக்கு உதவும் என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1968இலேயே டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் நோயாளிகளிடம் நிரூபித்துவிட்டார்கள். ஆனால் அது மருத்துவர்களும் செவிலியர்களும் அளந்து பார்த்துக் கொடுத்த ஆராய்ச்சி. நோயாளியின் அம்மாவோ அண்ணனோ கலத்தில் மொண்டு கொடுப்பதா? பெரிய மருத்துவர்கள் பலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

இவர் அதைத்தான் செய்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கொல்கத்தா மையத்தின் நூலக அறையில் உட்கார்ந்து பாலிதீன் பைகளில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். போன்காவில் டிரம்களில் கலந்து வைத்தார்கள். மக்கள் நம்ப வேண்டுமே? சலைன் என்றால் உயிர் காக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே இதற்கு 'வாய்வழி சலைன்' என்று பெயர் வைத்தார்கள். மருந்தைவிட அந்தப் பெயரை நான் ரசித்தேன்.

முப்பது சதவீதம் வரை போயிருந்த சாவு, அவருடைய முகாமில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

[காட்சி: தனுஷ்கோடிச் சாலை. பின்னணியில் கடல்.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவசரமாகத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு எதற்குச் சர்க்கரை?

அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை போடுவதற்கு முன்னால் இங்கே வேன்கள் மணலில்தான் ஓடின. ஆள் நிறையாமல் வண்டி எடுக்க மாட்டார்கள். வெயிலில் நாம் உள்ளே வெந்துகொண்டிருப்போம், ஓட்டுநர் வெளியே நின்று 'இன்னும் ஒரு ஆள், இன்னும் ஒரு ஆள்' என்பார். நம் சிறுகுடலின் சுவரிலும் அப்படி ஒரு வேன் இருக்கிறது. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ்: மூன்று பேர் ஏறினால்தான் கிளம்பும். வெறும் உப்பு நின்றால் நகராது. வெறும் சர்க்கரை நின்றாலும் நகராது. மூன்று பேரும் ஏறி உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும், டிக்கெட் எடுக்காமல்!

இதில்தான் வியப்பு இருக்கிறது. காலரா நச்சு குடலில் தண்ணீரை வெளியே கொட்டும் மதகைத் திறந்துவிடுகிறது. உப்பு தனியாக உள்ளே போகும் வழியையும் கெடுக்கிறது. ஆனால் இந்த வேனை மட்டும் அதனால் தொட முடிவதில்லை. ஊரே வெள்ளத்தில் கிடக்கிறது, ஒரு வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியில் தண்ணீரை ஏற்றி அனுப்புவதுதான் மொத்த வைத்தியமும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே உள்ளே போகின்றன என்ற கருத்தை 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி முன்வைத்தார். 1978இல் 'லான்செட்' மருத்துவ இதழின் தலையங்கம் இதை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது.

சரி, சர்க்கரை நல்லது என்றால் அள்ளிப் போடலாமா? கருவாடு போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? உப்பை அப்பியதும் மீனிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடும். அடர்த்தி எங்கே அதிகமோ தண்ணீர் அங்கே இழுபடும். சர்க்கரை மிகுந்த பானம் குழந்தையின் குடலுக்குள் போனால் அதே கதைதான்: உடம்பில் இருக்கும் தண்ணீரும் குடலுக்குள் இழுபட்டு, பேதி கூடும். உலக சுகாதார அமைப்பு 2002இல் இந்த உப்பு-குளுக்கோஸ் பொட்டலத்தின் அளவையே மாற்றி நீர்த்ததாக்கியது. இன்றைய பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் பலவற்றில் அது 100 கிராமைத் தாண்டும்.

இந்த உப்பு-குளுக்கோஸ் கரைசலுக்கு ஆங்கிலச் சுருக்கப் பெயர் 'ஓ.ஆர்.எஸ்.' அந்தப் பானங்கள் சிலவற்றின் அட்டையில் இதே எழுத்துகள் பல ஆண்டுகள் இருந்தன. மருந்துக்கடை அலமாரியிலேயே விற்றார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் எட்டு ஆண்டுகள் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உணவுப் பானங்களின் பெயரில் அந்த எழுத்துகள் வரவே கூடாது என்று உத்தரவிட்டது. மகாலனபிஸ் ஒரு பெயரை வைத்து உயிர்களைக் காப்பாற்றினார். அதே உத்தியை வியாபாரம் எப்படித் திருப்பியது பாருங்கள். என்னைக் கேட்டால், குழந்தை மருத்துவர்கள் கொள்கை வகுக்கும் மேசைக்கு ஏன் வர வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

[காட்சி: மண்டபம் ரயில் நிலையம்.]

ஒரு நிமிடம் இங்கே நிற்க வேண்டும். மண்டபம் முகாம் என்றால் இன்று நமக்கு இலங்கைத் தமிழ் அகதிகள் நினைவுக்கு வருவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அது இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தடுத்துவைத்து நோய் பார்த்த இடம். காலரா கடல் தாண்டக் கூடாது என்பதுதான் அன்றைய கொள்கை. அதற்கும் முன்னால் மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்தே போனவர்கள் பாதையோரத்தில் காலராவில் விழுந்து செத்தார்கள். அவர்கள் புறப்பட்ட கரையில் உப்பும் கருப்பட்டியும் அன்றும் இருந்தன. அளவு மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்த அளவை வீடு வீடாகக் கற்பித்தது வங்கதேசம். 1980களில் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர், தண்ணீர். சொல்லிக்கொடுத்த ஊழியருக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? பிறகு வேறொருவர் போய், அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பார், அதைப் பொறுத்துத்தான்! நம் பள்ளிக்கூடங்களில் இந்த முறை வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லப்போவதில்லை.

மகாலனபிஸ் பிறகு உலக சுகாதார அமைப்பின் வயிற்றுப்போக்குக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றினார், டாக்காவில் ஆய்வுகளை நடத்தினார். அரிசிக் கரைசலையும் ஆராய்ந்தார். ஆமாம், நம் உப்புப் போட்ட கஞ்சியின் உறவுக்காரன்தான். 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் 2023இல் வந்தது, வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இப்போது என் தவறு ஒன்று. சில வருடங்களுக்கு முன் என் மகனுக்குப் பேதி வந்தபோது, ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரே டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். குடிக்க மாட்டேன் என்று துப்பினான், நல்லவேளை. ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர்தான், கொதித்து ஆறிய தண்ணீரில். 24 மணி நேரம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை எத்தனை நாள் என்று செவிலியரிடம் கேட்டு முழுதாகக் கொடுங்கள். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். குழந்தை துவண்டு கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

பொட்டலம் கிடைக்காத இடத்தில்? ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கருப்பட்டியை நான் காட்சிக்குத்தான் கொண்டுவந்தேன். அதைக் கரண்டியில் அளக்க முடியாது.

எங்கள் அப்பத்தா, 'பேதிக்குத் தண்ணீர் காட்டாதே, இன்னும் போகும்' என்று சொம்பை ஒளித்துவைப்பார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? எழுதுங்கள், ஒவ்வொன்றாகப் படிப்பேன். நான் இந்தக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு டீக்கடைக்கு நடக்கிறேன்.