டீப் பர்ப்பிளும் நம் ஊர் போஸ்டரும்

அவைத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, வேறு இரண்டு விழாக்களைத் தள்ளிவைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் தாளாளர் ஐயா அவர்களே, மைக்கை இரைச்சலில்லாமல் பார்த்துக்கொள்ளும் தம்பியே, அனைவருக்கும் வணக்கம்.

டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஆள் மாறியும் பெயர் நிலைத்த கதை ஒன்று. குழுவில் ஜான் லார்ட் வாசித்த ஆர்கன் என்ற விசைப்பலகை வாத்தியம், கிட்டாருக்குச் சரிக்குச் சமமாக நின்றது இரண்டு. மூன்றாவது, பின்வரிசைக்காரர்கள்.

1968-இல் தொடங்கிய ஐவரில் இன்றும் குழுவில் இருப்பவர் டிரம்ஸ் வாசிக்கும் இயான் பெய்ஸ் ஒருவர்தான். மறு ஆண்டே பாடகரும் பேஸ் கிட்டார்காரரும் வெளியே. இயான் கில்லனும் ராஜர் குளோவரும் உள்ளே. 1973-இல் அவர்களும் போக, துணிக்கடையில் வேலை பார்த்த டேவிட் கவர்டேல் பாடகரானார். 1976-இல் குழுவே கலைந்தது. 1984-இல் கில்லன், குளோவரோடு மறுபடி கூடியது. கிட்டார் மேதை ரிச்சி பிளாக்மோருக்கும் கில்லனுக்கும் ஆகவே ஆகாது. 1993-இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே பிளாக்மோர் கிளம்பிவிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த இடத்தில்தான் பெய்ஸ் உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் மோன்ட்ரோ கதையைச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். 1971 டிசம்பர். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் ஊர் மோன்ட்ரோ. அங்குள்ள கேசினோவில் ஒலிப்பதிவு செய்ய, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவு லாரியோடு வந்திறங்கினார்கள். அதற்கு முன் அங்கே அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒரு புண்ணியவான் தீப்பந்தத் துப்பாக்கியால் கூரையைப் பார்த்துச் சுட்டான். கட்டடமே போயிற்று! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விழா நடத்திய கிளோட் நோப்ஸ் உள்ளே ஓடிப் பிள்ளைகளை வெளியேற்றினார். ஏரிமேல் புகை படிந்ததை டீப் பர்ப்பிள் குழுவினர் பார்த்தார்கள். பிறகு வேறொரு அரங்கில் இரவில் வாசித்தபோது, தூக்கம் கெட்ட ஊர்க்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். போலீஸ் கதவைத் தட்டுகிறது. உள்ளே இசைப்பதிவு ஓடுகிறது. குழுவின் கருவி தூக்கும் ஆட்கள் பதிவு முடியும்வரை கதவை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள்! அன்று பதிவான இசைதான் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’, அதாவது ‘நீர்மேல் புகை’ என்ற பாட்டு ஆயிற்று. அப்புறம், குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் தாழ்வாரத்தில், ஒலியை அடக்க மெத்தைகளை அடுக்கி வாசித்தார்கள். ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டின் கிட்டார் தொடக்கத்தை உலகமே முணுமுணுக்கிறது. கதவைப் பிடித்தவன் பெயர் யாருக்குத் தெரியும்?

சரி, கதவைப் பிடித்தவனை விடுங்கள். முதல் மூன்று ஆல்பங்களில் பேஸ் வாசித்தவர் நிக் சிம்பர். 2016-இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் இந்தக் குழுவைக் கௌரவித்தபோது அவர் பெயர் இல்லை. 1980-இல் குழுவின் பெயரை வைத்துத் தனியாக மேடையேறி, வழக்கில் தோற்ற முதல் பாடகர் ராட் எவன்ஸுக்கே இடம் இருந்தது. இது என்ன நியாயம்?

இரண்டாவது செய்தியை இன்னொரு கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். நம் ஊர் மெல்லிசைக் கச்சேரி போஸ்டரைப் பாருங்கள். பாடகர் படம் ஆளுயரம். பந்தல்காரர் பெயர்கூட உண்டு. தபேலாக்காரர் பெயர்? பாட்டு எடுபட்டால் கைதட்டல் பாடகருக்கு. சொதப்பினால் தாளம் சரியில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

நகர்மன்றத் தலைவர் அவர்கள் பெரிய மனது வைத்து, இந்தத் திருவிழாவிலிருந்தே வாத்தியக்காரர் பெயரில்லாத போஸ்டருக்கு அனுமதியில்லை என்று அறிவிக்க வேண்டும். தலைவர் மணி அடித்துவிட்டார். பெயர்ப் பட்டியல் என் பையில்தான் இருக்கிறது. அச்சகத்துக்குப் போகுமுன் விழாக் குழுச் செயலாளர் வாங்கிக்கொள்ளட்டும். வணக்கம்.