பனி இரண்டு பக்கமும்தான் பெய்தது

அன்பு நண்பர்களே,

1939-40இல் சோவியத் யூனியன் பின்லாந்து மீது படையெடுத்த குளிர்காலப் போரைப் பற்றி, "பின்லாந்தைக் காப்பாற்றியது பனிதான்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பனி இரண்டு பக்கமும்தான் பெய்தது.

1939 நவம்பர் 30. போர் அறிவிப்பே இல்லாமல் ஹெல்சிங்கி மீது சோவியத் விமானங்கள் குண்டு வீசின. லெனின்கிராடுக்கு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) அருகே உள்ள எல்லையைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டார்கள், பின்லாந்து மறுத்தது, அதன் பிறகுதான் இந்தத் தாக்குதல். அன்று பின்லாந்தில் இருந்தது 37 லட்சம் பேர். எதிரே 17 கோடிப் பேரின் நாடு.

கிழக்குப் பின்லாந்தில் எல்லையை ஒட்டிய ராத்தே சாலைக்கு உங்களை அழைத்துப் போகிறேன். இருபுறமும் காடு, நடுவே ஒரே ஒரு ஒற்றைச் சாலை. அதில் சோவியத் 44வது டிவிஷன் டாங்கிகளும் லாரிகளுமாகப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றது. சாலையை விட்டு இறங்கினால் இடுப்பளவு பனி. பின்லாந்து வீரர்களோ வெள்ளை உடை போட்டுக்கொண்டு, பனிச்சறுக்குக் கட்டைகளில் மரங்களுக்கிடையே சத்தமில்லாமல் வந்தார்கள். சாலையைத் துண்டு துண்டாக அறுத்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மொத்தி'. வெட்டிய விறகை அளந்து அடுக்கி வைக்கிற குவியலுக்கு அவர்கள் ஊரில் சொல்கிற சொல் அது. விறகுவெட்டியின் பேச்சு போர்க்கலையின் பேச்சானது!

அவர்கள் தேடித் தேடி அடித்தது எதைத் தெரியுமா? சமையல் வண்டிகளை. அந்தக் குளிரில் சூடான சோறு போய்விட்டால் மனிதன் எத்தனை நாள் தாங்குவான்? பின்லாந்து வீரனுக்குக் காவல் முடிந்ததும் அடுப்பு வைத்த கூடாரம் காத்திருந்தது. சோவியத் வீரன் குளிர்காய நெருப்பு மூட்டினால், அந்த வெளிச்சமே குறி காட்டிக்கொடுத்தது. அந்த 44வது டிவிஷன் உக்ரைனிலிருந்து வந்தது. அந்த இளைஞர்களை நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. தப்பி மீண்ட தளபதி வினோகிராதோவை அவருடைய படையின் முன்னாலேயே சுட்டுக் கொன்றது சோவியத் அரசு.

ஆயுதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. 1918இல் நடந்த உள்நாட்டுப் போரில் இதே மக்கள் சிவப்பு (தொழிலாளர் பக்கம்), வெள்ளை (அரசுப் பக்கம்) என்று பிரிந்து ஒருவரையொருவர் கொன்றவர்கள். அந்தக் காயத்தை நம்பித்தான் மாஸ்கோ, அங்கே தங்கியிருந்த பின்லாந்துக் கம்யூனிஸ்ட் குஸினென் தலைமையில் ஒரு பொம்மை அரசை அறிவித்தது. தொழிலாளிகள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டது. அவர்கள் போகவில்லை. துப்பாக்கி எடுத்துக்கொண்டு போர்முனைக்குப் போனார்கள்.

105 நாள். 1940 மார்ச் 13 காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. நாடு பிழைத்தது, விபுரி நகரம் போயிற்று, எல்லையோரக் கரேலியாவின் பெரும்பகுதி போயிற்று. பின்லாந்துப் பக்கம் சுமார் 25,000 பேர் மாண்டிருந்தார்கள். ஹெல்சிங்கியில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன.

விட்டுக்கொடுத்த மண்ணில் இருந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய எல்லோருமே அங்கே தங்க மறுத்து, மூட்டை முடிச்சோடும் மாடுகளோடும் பனியில் மேற்கே நடந்தார்கள். மீதி நாடு தன் வயலைப் பங்கு வைத்து அவர்களுக்கு இடம் கொடுத்தது.