ஒரு வயலுக்கு எத்தனை பங்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

ஜாவா என்றதும் நம்மில் பலருக்கு பொரோபுதூரும் எரிமலைகளும் நினைவுக்கு வரும். அந்த எரிமலைகளின் அடிவாரத்தில் நெல் விளைவிக்கும் கிராமத்து மக்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். குறிப்பாக, அவர்களிடம் இருக்கும் சொத்தைப் பற்றி.

2020 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவில் மட்டும் 15 கோடிப் பேர் இருக்கிறார்கள். இந்தோனேசிய மக்களில் பாதிக்கும் மேல். நிலமோ, நாட்டின் பரப்பில் நூற்றுக்கு ஏழு பங்குதான். ஆளுக்கு என்ன கிடைக்கும்? அரை ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கர்கூட இல்லாத விவசாயக் குடும்பங்கள்தான் அங்கே பெரும்பான்மை. அதிபர் சுகர்ணோ ஆட்சியில் 1960-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், ஒரு விவசாயக் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேராவது இருக்கும்படி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஜாவாவைப் பொறுத்தவரை அது ஏட்டுச் சுரைக்காய்.

சரி, இவ்வளவு சிறிய நிலத்தில் இத்தனை பேர் எப்படி வாழ்ந்தார்கள்? நிலம் யாருக்குச் சொந்தம் என்று மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். விளைச்சலில் யார் யாருக்குப் பங்கு என்று கேட்க வேண்டும்.

முதலில் நிலத்தின் வகைகளைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் பாயும் நெல்வயலுக்கு 'சாவா' என்று பெயர். மேட்டில் உள்ள மானாவாரி நிலம் 'தெகாலான்'. அங்கே மக்காச்சோளமும் மரவள்ளியும் நிலக்கடலையும் போடுவார்கள். மூன்றாவது, வீட்டைச் சுற்றியுள்ள கொல்லை; அதற்கு 'பெக்காராங்கான்' என்று பெயர். தென்னை, வாழை, பலா, பப்பாளி, மூங்கில், மூலையில் கோழிக்கூடு, இடம் இருந்தால் ஒரு மீன் குட்டை என்று அது ஒரு குட்டிக் காடு. கையில் காசில்லாத நாளில் குடும்பத்தலைவி அங்கேதான் போவாள். ஒரு தார் வாழையை வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனால் உப்பு, எண்ணெய்ச் செலவுக்கு ஆயிற்று.

முன்பெல்லாம் ஊரில் ஒருவரின் தகுதியை இந்த நிலங்களை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். வயல், கொல்லை, வீடு மூன்றும் உள்ளவர் முழுக்குடியானவர். ஊர் வேலைக்கு ஆள் அனுப்புவதும், பொது நிலத்தில் பங்கு வாங்குவதும் அவர்தான். அவருக்குக் கீழே, கொல்லையும் வீடும் மட்டும் உள்ளவர். அதற்கும் கீழே, அடுத்தவர் கொல்லையில் தன் வீட்டைக் கட்டிக்கொண்டு இருப்பவர். கடைசியில், அடுத்தவர் வீட்டிலேயே ஒண்டிக்கொண்டு இருப்பவர். அதென்ன, நிலம் ஒருவருக்கு, அதன்மேல் உள்ள வீடு இன்னொருவருக்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். பழைய ஜாவா வீடு மரவீடு. தூணும் உத்தரமும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்பவை. கழற்றி, வேறிடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தலாம், விற்கவும் விற்கலாம். பெரிய கூரை போட்ட ஜோக்லோ வீடுகள் பல இப்படித்தான் இன்று நகரத்து உணவு விடுதிகளாக மாறிக்கொண்டிருக்கின்றன.

இனி வயலுக்கு வருவோம். நிலம் உள்ளவர் தானே உழுவதில்லை என்றால் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு விடுவார். சரிபாதி என்றால் 'மாரோ'. மூன்றில் ஒன்றுதான் உழுபவருக்கு என்றால் 'மெர்த்தெலு'. பணமுடை வந்தால் ஒத்திக்கு வைப்பார்; பணத்தைத் திருப்பும்வரை நிலம் கடன் கொடுத்தவர் கையில். ஏழு ஆண்டு அனுபவித்துவிட்டால் பணம் வாங்காமலே நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 1960 சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால், அதைச் சொல்லி நிலத்தைக் கேட்பவருக்கு அடுத்த முறை அவசரத்துக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

அப்புறம் அந்தக் காலத்து அறுவடை. இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 'அனி-அனி' என்று ஒரு கத்தி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு மரத்துண்டில் ஒரு மெல்லிய அலகு. விரல்களுக்கிடையே அதை மறைத்துப் பிடித்துக்கொண்டு, கதிர் கதிராக அறுப்பார்கள். அறுப்பவர்கள் பெண்கள். நெல்லின் தெய்வம் தேவி ஸ்ரீ. பெரிய கத்தியைக் கண்டால் அவள் மிரண்டுபோவாள் என்பது நம்பிக்கை. அறுத்த கதிரில் ஒரு பங்கு அறுத்தவருக்கு, அதற்கு 'பாவோன்' என்று பெயர். சொந்தக்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் பங்கு தாராளமாக இருக்கும், வெளியூர்க்காரருக்குக் குறையும். அறுப்புக்கு வருபவரைப் போ என்று சொல்லும் வழக்கம் இல்லை. ஒரு சிறு வயலில் நூறு பேர்கூட இறங்கிவிடுவார்கள். நிலச் சொந்தக்காரருக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஊர் வாய்க்கு அஞ்சி விட்டுக்கொடுத்தார். நிலமில்லாதவளின் சொத்து அந்த அறுப்பு உரிமைதான்.

இதை உடைத்தது பெரிய சண்டை எதுவுமில்லை. 1960-களின் கடைசியில் பசுமைப் புரட்சியோடு குட்டை நெல் ரகங்கள் வந்தன. நெல்மணி எளிதில் உதிரும், தண்டு குட்டை. அதற்கு அனி-அனி தோதுப்படாது, அரிவாள் வந்தது. கூடவே 'தெபாசான்' பரவியது. அறுப்புக்கு முன்பே நின்ற பயிரை வியாபாரிக்கு மொத்தமாக விலை பேசிவிடுவது. வியாபாரி வெளியூர்க்காரர். அவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து அறுப்பார். "எனக்கும் ஒரு வரிசை கொடுங்கள்" என்று அவரிடம் கேட்க முடியாது. நிலக்காரருக்கோ, "நான் என்ன செய்ய, பயிரைத்தான் விற்றுவிட்டேனே" என்று சொல்லித் தப்பிக்க வழி கிடைத்தது. அதே சமயத்தில்தான் சிறு ரைஸ்மில்கள் ஊரூராக வந்தன. உரலில் நெல் குத்திக் கூலி வாங்கிவந்த பெண்கள் ஏராளமானோருக்கு அந்த வேலையும் போயிற்று. விளைச்சல் பெருகியது உண்மை. 1984-ல் அரிசியில் தன்னிறைவு என்று அரசு பெருமையாக அறிவித்ததும் உண்மை. அதே வயலில் பங்கு கேட்கக்கூடியவர்களின் எண்ணிக்கை சுருங்கியது, அதுவும் உண்மை.

ஊர்த் தலைவருக்கு 'லூரா' என்று பெயர். அவருக்கும் கணக்கர், தண்ணீர் பார்க்கும் உலு-உலு, சமயக் காரியம் பார்ப்பவர் ஆகியோருக்கும் நெடுங்காலம் சம்பளம் பணமாக இல்லை, நிலமாக இருந்தது. 'பெங்கோக்' என்ற ஊழிய மானியம். பதவியில் இருக்கும்வரை உழுதுகொள்ளலாம், குத்தகைக்கும் விடலாம். இறங்கினால் அடுத்தவருக்குப் போய்விடும். ஊரின் நல்ல வயல்கள் பெரும்பாலும் இதில் அடக்கம். ஆகவே லூரா தேர்தலில் செலவு எகிறும். ஜெயித்தவர் மானிய நிலத்தை வரும் ஆண்டுகளுக்குச் சேர்த்து முன்கூட்டியே குத்தகைக்கு விட்டுக் கடனை அடைப்பதும் உண்டு. 2014-ல் கிராமச் சட்டம் வந்து, அதன் விதிகள் இந்த வருமானத்தை ஊர்க் கஜானாவில் சேர்க்கச் சொன்னதும் ஊர் அதிகாரிகள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே விதியைத் திருத்த வேண்டியதாயிற்று. வேறு எதற்கும் அவ்வளவு சீக்கிரம் அரசு வளைந்துகொடுக்காது!

வீட்டுக்குள் சொத்து எப்படிப் பிரிகிறது? ஜாவாவில் பெண்ணுக்கும் நிலம் உண்டு. இரண்டு முறைகள் சொல்வார்கள். ஒன்று, தர்பூசணியைப் பிளப்பதுபோல் சரிசமம். மற்றொன்று, மகனுக்கு ஒரு காவடி, மகளுக்கு முதுகில் ஒரு கூடை. காவடிக்கு இரண்டு பக்கமும் சுமை, ஆக 2-க்கு 1. இஸ்லாமியச் சட்டத்தின் கணக்கோடும் அது ஒத்துப்போகிறது. எந்த முறை என்பதைப் பல குடும்பங்கள் கூடிப் பேசித்தான் முடிவு செய்கின்றன. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, பிள்ளைகளின் கல்யாணத்தை ஒட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, கடைசித் துண்டைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்வார்கள். கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு, பெரும்பாலும் கடைக்குட்டிக்கு, அதுவும் வீடும் போகும். கல்யாணத்துக்கு முன் கொண்டுவந்தது அவரவருக்கு. கல்யாணத்துக்குப் பின் இருவரும் சேர்த்தது 'கோனோ-கினி', பிரிந்தால் பாதிப் பாதி. பிரிக்க முடியாத அளவுக்கு வயல் சிறுத்துவிட்டால், உடன்பிறந்தவர்கள் முறை வைத்து ஆளுக்கொரு போகம் உழுவதும் உண்டு.

வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு மாடுதான் சேமிப்பு. மாடு வாங்க வசதியில்லாதவர் அடுத்தவர் மாட்டை வாரத்துக்கு வளர்ப்பார். ஈனும் கன்றுகளில் பங்கு. யோக்யகர்த்தாவுக்குத் தென்கிழக்கே குனுங் கிடுல் என்ற சுண்ணாம்புக்கல் மேட்டில் தேக்குமரமும் மாட்டைப்போல ஒரு சேமிப்புதான். முதிர்ந்ததா இல்லையா என்றெல்லாம் பார்ப்பதில்லை. மகளுக்குக் கல்யாணமா, மகனுக்குக் கல்லூரிக் கட்டணமா, ஒரு மரம் சாயும்.

இவை எதுவும் எழுத்தில் அதிகம் கிடையாது. எழுத்தில் இருந்தது ஊர் அலுவலகத்தில் உள்ள 'லெட்டர் சே' என்ற வரிப் பதிவேடு. பெயர், துண்டு எண், வயலா மேட்டு நிலமா, எத்தனையாம் தரம், எவ்வளவு வரி, கைமாறியது ஏன் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நிலம் அளக்க வருபவர்களை ஜாவா விவசாயி எப்போதும் ஒரு சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறார். டச்சுக்காரர் காலத்தில் பிளோரா வட்டாரத்தில் சாமின் என்ற விவசாயியைப் பின்பற்றியவர்கள் வரி கட்ட மறுத்தார்கள். அளவைக்காரர்கள் வந்தபோது, இது என்னுடையது என்று கத்திக்கொண்டு நிலத்திலேயே படுத்துவிட்டார்களாம். 1960-களின் முதல் பாதியில் கிளாத்தென் போன்ற இடங்களில் இடதுசாரி விவசாய சங்கம் உபரி நிலத்தைத் தானே எடுக்கக் கிளம்பியது. 1965-ல் தொடங்கிய இடதுசாரிகள் படுகொலைகளுக்குப் பிறகு நிலப் பகிர்வு என்று வாயெடுக்கவே ஆட்கள் பயந்தார்கள்.

2017 முதல் நாடு முழுக்க எல்லா நிலத்தையும் அளந்து சான்றிதழ் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. சான்றிதழ் இருந்தால் வங்கியில் கடன் கிடைக்கும், வரப்புத் தகராறு குறையும். மறுக்கவில்லை. ஆனால் அதில் வாரக்காரருக்கும் அறுப்புக்காரிக்கும் கட்டம் இல்லை. நெடுஞ்சாலைக்கோ ஆலைக்கோ நிலம் எடுக்கும்போது இது பளிச்சென்று தெரிகிறது.

துபான் மாவட்டத்தில் சுமுர்கெனெங் என்ற ஊர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக நிலத்தை விற்றவர்கள், 2021-ல் புத்தம்புதுக் கார்களை லாரிகளில் ஏற்றி வரிசையாக ஊருக்குள் கொண்டுவந்தார்கள். வீடியோ நாடெங்கும் பரவியது, எல்லாரும் சிரித்தார்கள். நிலத்துக்கு வந்த பணத்தை வேறெதில் போட்டிருக்க வேண்டும் என்று சிரித்தவர்கள் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அக்கம்பக்கத்து நிலமும் அதற்குள் விலை ஏறிப்போயிருக்கும். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அந்த வட்டாரத்து ஊர்க்காரர்கள் ஆலைத் திட்டத்தில் வேலை கேட்டுப் போராட்டம் நடத்தினார்கள். நிலத்தை விற்ற சிலர் அப்போது அன்றாடச் செலவுக்குத் தங்கள் மாடுகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நன்றி. வணக்கம்.