எழுத்தாளர் மேசைக்குப் பக்கத்து அலமாரி

அவையோருக்கு வணக்கம்.

எழுதுகிறவர்கள் வீட்டில் இரண்டு வகைப் புத்தகங்கள் இருக்கும். ஒன்று, படித்து முடித்து அடுக்கி வைப்பவை. மற்றது, எழுதிக்கொண்டிருக்கும்போதே எடுத்துப் புரட்டிப் பார்ப்பவை. இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இவை உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும். அகராதி பரணில் இருந்தால் யார் ஏறி எடுப்பார்கள்? ஞாபகத்தில் இருப்பதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். பிழை நுழைவது அங்கேதான்.

அகராதி ஒன்று போதாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பழஞ்சொல்லுக்கும் இலக்கிய மேற்கோளுக்கும் அதை விட்டால் வழியில்லை. இன்றைய புழக்கத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். அதன் முதல் பதிப்பு 1992, மூன்றாம் பதிப்பு 2020. லெக்சிகனை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆகவே கையில் இருக்கும் பணத்துக்கு க்ரியாவை வாங்குங்கள். புராணப் பெயர்களுக்கு அபிதான சிந்தாமணி என்ற கலைக்களஞ்சியம்.

பொது நூல்கள் இவ்வளவு போதும். மீதிப் பணமும் இடமும் நீங்கள் எழுதும் வட்டாரத்துக்கும் காலத்துக்கும் போகட்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை என்றால் ஆங்கிலேய அதிகாரி எஃப். ஆர். ஹெமிங்வே 1906இல் தொகுத்த மாவட்ட கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), அந்த ஊர்ப் பக்கத்துத் தல வரலாறுகள், பழைய பத்திரங்களின் நகல்கள்.

பத்திரம் என்றதும் தேதியைச் சொல்லியாக வேண்டும். அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு பத்திரத்தில் ‘யுவ வருடம் தை மாதம்’ என்று இருக்கிறது. அறுபது ஆண்டுச் சுற்றில் யுவ 1875இலும் தொடங்கும், 1935இலும் தொடங்கும். எது என்று அந்தப் பெயர் சொல்லாது. பக்கத்தில் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு, 1345 என்றிருந்தால் 590ஐக் கூட்டுங்கள்: 1935. ஆனால் பசலி ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30 வரை ஓடும். தமிழ் வருடமோ சித்திரையில் தொடங்கும். ஆகவே இந்தத் தை, 1936 ஜனவரி நடுவில் பிறந்தது. 1935 என்று எழுதினால் ஓராண்டு தவறிவிடும். இந்த அறுபது பெயர்களையும் ஆண்டுகளோடு ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

பழைய வார, மாத இதழ்களை பைண்டு வால்யூமாக வாங்கும்போது விளம்பரப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பைண்டு செய்தவர்கள் பல சமயம் அவற்றையும் அட்டைகளையும் கிழித்துவிட்டிருப்பார்கள். சோப்பு என்ன விலை, பேனா எந்தக் கம்பெனி என்பதெல்லாம் கதையை விட விளம்பரத்தில்தான் கிடைக்கும். அவை இல்லாத தொகுப்புக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

நூலகத்தில் பக்கங்களைப் படம் எடுப்பதாக இருந்தால் முதல் படம் தலைப்புப் பக்கம், இரண்டாவது பதிப்பு விவரம் உள்ள பக்கம். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். ஆண்டு இல்லாத குறிப்பு பிறகு உதவாது. பிடிஎஃப் காட்டும் எண்ணை எழுதாதீர்கள், அச்சில் உள்ள எண்ணை எழுதுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் அச்சான ணை, லை, றா போன்ற எழுத்துகளைக் கணினி பெரும்பாலும் தவறாகப் படிக்கும். தேடி வரவில்லை என்பதால் அந்தச் சொல் புத்தகத்தில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அலமாரி சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கட்டும். மழைக்காலத்தில் சுவரின் ஈரம் நேரே புத்தகத்தின் முதுகில் இறங்கும். தட்டின் நீளம் மூன்றடிக்குள் இருந்தால் நல்லது. அகராதிகளின் கனத்தில் நீளமான பலகை நடுவில் தொய்ந்துவிடும். கிழிந்த தாளில் செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பசை பழுப்பேறி எழுத்தையும் கெடுக்கும்.

பழைய புத்தகக் கடையிலிருந்து வாங்கி வந்ததை உடனே மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். பூச்சித் துளையோ மாவு போன்ற தூளோ தெரிந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பின் பையை ஒரு நாள் பிரிக்காமல் விட வேண்டும். குளிர் விலகும் முன் பிரித்தால் காற்றிலுள்ள ஈரம் தாளில் படிந்து பூஞ்சை பிடித்துவிடும்.