முதலில் குதிக்கட்டும், பிறகு எண்ணட்டும்: 3 முதல் 5 வயதுக்கான ஓடியாடும் விளையாட்டுகள்

[காட்சி: வெறும் தரை. ஒரு கை வண்ண டேப்பை ஒட்டுகிறது.]

மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடல் அசைந்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம். எண்களையும் இந்த விளையாட்டிலேயே சொல்லித்தரலாம். ஆனால் அசைவு பழகிய பிறகுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுமே தடுமாறும்.

[காட்சி: 2 மீட்டர் நேர்கோடு, அதன்மேல் சின்னப் பாதங்கள்.]

டேப் 5 செ.மீ. அகலம் இருக்கட்டும். சாக்ஸ் வழுக்கும், வெறுங்காலே நல்லது. குனிந்து பாதத்தையே பார்த்து நடக்கும் குழந்தை தள்ளாடும். அதனால் கோட்டின் முடிவில், அதன் கண் உயரத்தில் ஒரு பொம்மையை வையுங்கள். கையைப் பிடித்து நடத்தாதீர்கள். பிடித்தால் உடம்பு உங்கள் பக்கம் சாயும், சமநிலையைக் காக்கும் வேலையை உங்கள் கை செய்துவிடும். கூடவே நடந்து வந்தால் போதும்.

[காட்சி: வரிசையாக மூன்று கட்டங்கள்.]

அடுத்து குதித்து எண்ணுவது. 30 செ.மீ. சதுரமாக மூன்று கட்டங்கள் போடுங்கள், ஐந்து வேண்டாம். முதல் சில நாள் எண்ணே சொல்லாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கட்டும். விறைத்த காலோடு தொம்மென்று விழுந்தால், "சத்தமே கேக்காம குதி பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். முட்டி தானாக மடங்கும்.

எண்ணத் தொடங்கும்போது ஒரு சிக்கல் வரும். கால் இரண்டாம் கட்டத்தில் இருக்கும், வாய் ஐந்தைத் தாண்டியிருக்கும். அது மனப்பாடம், எண்ணுவது அல்ல. குதித்து, நின்று, அதன்பின் எண்ணைச் சொல்ல வையுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்ற பொருத்தம் அப்போதுதான் பிடிபடும்.

[காட்சி: மெல்லிய துணி மேலிருந்து மிதந்து இறங்குகிறது.]

பந்தைக் கண்டதும் கண்ணை மூடி முகத்தைத் திருப்பும் குழந்தையைத் திட்டாதீர்கள். வேகத்துக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறது. முதலில் மெல்லிய துணியை மேலே எறிந்து பிடிக்கட்டும், மெதுவாக இறங்குவதால் கண்ணால் தொடர முடியும். பிறகு மென்மையான பெரிய துணிப்பந்து: 1 மீட்டர் தூரத்திலிருந்து, கையைத் தாழ்த்தி, நெஞ்சை நோக்கி எறியுங்கள். நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது தவறில்லை, கையால் மட்டும் பிடிப்பது பின்னால் வரும். பலூனைத் தவிர்த்துவிடுங்கள். உடைந்த துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

[காட்சி: தாளம் நிற்கிறது, குழந்தைகள் அசையாமல் நிற்கிறார்கள்.]

கடைசியாக, தாளம் கேட்டால் நடப்பது, நின்றால் நிற்பது. ஓடத் துடிக்கும் உடம்பை அடக்கி நிறுத்துவது கவனித்துக் கேட்பதற்கும் உதவும் பயிற்சி. அசைந்தவரை 'அவுட்' என்று வெளியே உட்கார வைக்காதீர்கள், பயிற்சி அதிகம் தேவைப்படுவது அந்தக் குழந்தைக்குத்தான்.

எந்த விளையாட்டிலும் பத்து முறையில் ஏழெட்டு முறை தவறினால் தூரத்தைக் குறையுங்கள், கட்டத்தைக் குறையுங்கள். முன்பு நன்றாகச் செய்த அசைவைக் குழந்தை இப்போது செய்ய முடியாமல் போனால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.