எரிமலைச் சாம்பலில் ஒரு படிகம்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கருங்கல் படியில் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் சில இடங்கள் பளிச்சிடும். அவற்றில் பெரும்பாலானவை ஃபெல்ஸ்பார். பூமியின் மேலோட்டில் பாதிக்கு மேல் இந்தக் கனிமக் குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் எரிமலைப் பாறைகளில் கிடைக்கும் சானிடின் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். என் மனதுக்கு மிகவும் பிடித்த கனிமம் அது.

கருங்கல் பூமிக்கு அடியில் மிக மெதுவாக ஆறி இறுகியது. அத்தனை காலம் கிடைத்ததால் படிகத்துக்குள் அலுமினியமும் சிலிக்கானும் அதனதன் இடத்தில் ஒழுங்காக அமர்ந்துகொண்டன. எரிமலை வெடிக்கும்போது அந்த அவகாசம் இல்லை. கொதிக்கும் பாறைக்குழம்பில் வளர்ந்த படிகம் வெளியே வந்ததும் சட்டென்று குளிர்கிறது. சூட்டில் அணுக்கள் எப்படிக் கலைந்திருந்தனவோ, அப்படியே நின்றுவிடுகின்றன. அதுதான் சானிடின். கண்ணாடி போலத் தெளிவாக, தட்டையாக இருக்கும். பலகை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஜெர்மனியில் போன் நகருக்குப் பக்கத்தில், ரைன் நதிக்கரையில், டிராக்கன்ஃபெல்ஸ் என்று ஒரு குன்று. அதன் பாறையில் விரல் நீளச் சானிடின்களை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கொலோன் பேராலயத்தின் பழைய பகுதிகளைக் கட்டியது அந்தக் கல்லால்தான்.

சரி, அதில் அப்படி என்ன இருக்கிறது? பொட்டாசியம் இருக்கிறது. இயற்கையில் உள்ள பொட்டாசியம் அணுக்களில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்று, பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 125 கோடி ஆண்டு. அது சிதையும்போது பெரும்பகுதி கால்சியமாகிறது, பத்தில் ஒரு பங்கு ஆர்கான் வாயுவாகிறது. ஆர்கான் எதனோடும் சேராது. குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது தப்பிப் போய்விடும். படிகம் குளிர்ந்த பிறகு உண்டாகும் ஆர்கானுக்கு வெளியேற வழியில்லை. அந்த ஆர்கானை அளந்தால், எரிமலை எப்போது வெடித்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த முறை முதலில் உலகத்தைத் திகைக்க வைத்தது 1961-இல். தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் தொல்லியலாளர் மேரி லீக்கி கண்டெடுத்த ஆதிமனித மண்டையோடு எத்தனை பழையது? சாம்பல் அடுக்கில் இருந்த ஃபெல்ஸ்பார் சொன்ன விடை, சுமார் 17.5 லட்சம் ஆண்டு. அதுவரை அறிஞர்கள் நினைத்திருந்ததைவிட மிக மிக அதிகம்.

எனக்கு இன்னும் வியப்பூட்டுவது வேறொன்று. பழங்காலத்தை அளப்பது எளிது, அண்மைக் காலம்தான் கஷ்டம். ஏனென்றால் சேர்ந்திருக்கும் ஆர்கான் மிகக் கொஞ்சம். இத்தாலியின் வெசூவியஸ் கி.பி. 79-இல் வெடித்து பொம்பேய் நகரைப் புதைத்தது. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி அதைக் கண்ணால் பார்த்துக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தனை காலத்தில் ஒரு கோடி பொட்டாசியம்-40 அணுக்களில் சுமார் பத்துதான் சிதைந்திருக்கும். அந்தப் பத்தில் ஆர்கானானது ஒன்றே ஒன்று! 1997-இல் புவியியல் அறிஞர் பால் ரென்னியும் அவருடைய குழுவினரும் அந்த வெடிப்பின் சானிடினைச் சூடாக்கி வாயுவை அளந்தார்கள். 1925 ஆண்டு என்று வந்தது, 94 ஆண்டு முன்பின் இருக்கலாம். பிளினியின் கணக்குப்படி அப்போது 1918 ஆண்டு ஆகியிருந்தது. இதைப் படித்த அன்று நான் வெகு நேரம் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். குழம்பு மேலே வரும் வழியில் பழைய பாறையின் படிகங்களையும் அள்ளிக்கொண்டு வரும். அவை கலந்துவிட்டால் வயது தவறாக, அதிகமாக வரும். அதனால்தான் இப்போது ஒவ்வொரு படிகத்தையும் தனித்தனியாக லேசர் கொண்டு உருக்கிப் பார்க்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலும் இதற்கு வேலை இருந்தது. சுமத்ராவின் டோபா எரிமலை மாபெரும் வெடிப்பாக வெடித்தபோது சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி இந்தியாவில் வந்து படிந்தது. ஆந்திராவில் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் அந்த அடுக்கு இன்றும் வெளிறித் தெரிகிறது. அதற்குக் கீழேயும் கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன, மேலேயும் கிடைத்திருக்கின்றன. டோபாவின் சானிடின் படிகங்கள் அந்த வெடிப்புக்குத் தரும் வயது, சுமார் 74 ஆயிரம் ஆண்டு.

நன்றி, வணக்கம்.