காதுக்குச் செலவு செய்யுங்கள் – ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் ஹெட்போனும் காதுக்கு விருந்தா, காசுக்குக் கேடா? இதான் தலைப்பு. விருந்துதான்னு சொல்ல வந்தவங்க நாங்க. எனக்கு முன்னாடி பேசின எதிரணிச் சகோதரி ஒண்ணு சொன்னாங்க: "காதுல தொங்குறதுக்கு லட்சம் குடுத்தா அவசரத்துக்கு அடகு வைக்கலாம். காதுக்குள்ள போறதுக்கு லட்சம் குடுத்தா எந்த அடகுக்கடைக்காரர் வாங்குவார்?" பந்தலே அதிர்ந்துச்சு. கடைசி வரிசையில இருந்த பாட்டிகூட கை தட்டினாங்க, நான் பார்த்தேன். அதுக்குப் பதில் இருக்கு சகோதரி, கொஞ்சம் பொறுங்க.

முதல்ல அவங்க அணித் தலைவர் சொன்ன ஆராய்ச்சி. 2017-ல 283 ஹெட்போன்களை அளந்து பார்த்ததுல, விலைக்கும் ஒலித் தன்மைக்கும் சம்பந்தமே இல்லைன்னு வந்துச்சுன்னு சொன்னார். உண்மை, நான் மறுக்கல. விலைச் சீட்டை நம்பாதேன்னு அந்த ஆராய்ச்சி சொல்லுது. நல்லது கெட்டதுன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு எங்கேயும் சொல்லல. கனடாவுல ஃப்ளாய்ட் டூல்னு ஒரு விஞ்ஞானி, ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால மறைச்சு வெச்சு, பேரும் தெரியாம விலையும் தெரியாம ஜனங்களைக் கேக்க வெச்சார். பெரும்பாலானவங்க ஒரே வகை ஸ்பீக்கரைத்தான் நல்லதுன்னு சொன்னாங்க. எந்த நாதத்தையும் கூட்டாம குறைக்காம உள்ளபடி குடுக்கிறது எதுவோ, அதை. ஆக, காதுக்குத் தெரியுதுங்க.

அஞ்சடி ஒயருக்கு லட்சம் கேக்கிறவருக்கு நான் வக்கீல் இல்லை. ஜெர்மன்காரங்க 50,000 யூரோவுக்கு ஒரு ஹெட்போன் கொண்டு வந்தாங்களே, அதுக்கும் இல்லை. ஒரு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வெச்சு, கடையில உக்காந்து கேட்டுப் பார்த்து வாங்குற ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர். அதுக்காகத்தான் இந்த மேடையில நிக்கிறேன்.

எங்க மாப்பிள்ளை, என் தங்கச்சி வீட்டுக்காரர், சிங்கப்பூர்ல உழைச்சுட்டு ஊரோட வந்தவர். வந்ததும் ரெண்டு லட்சத்துக்கு ஒரு ஜோடி வாங்கினார். இடுப்பு உயரம், தூக்க ரெண்டு ஆள் வேணும். தங்கச்சி பேச்சை நிறுத்திட்டா. "இந்தக் காசுக்குக் கொல்லைச் சுவர் எடுத்திருக்கலாமே"ன்னு எனக்கு போன் போட்டு அழுதா.

அப்ப அந்தத் தெருவுல இருக்கிற தவில் வித்வான் ஒருத்தர், பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். எழுபது தாண்டினவர். அவர் அப்பாவும் தவில்காரர். அந்த அப்பா வாசிச்சதுக்கு மிஞ்சியிருக்கிறது ஒரே ஒரு பதிவு. ஏதோ ஒரு கோயில் புறப்பாட்டுல யாரோ கேசட்ல பிடிச்சது. அதைப் பேரன் போன்ல ஏத்திக் குடுத்திருக்கான். தினமும் விடியக்காலை திண்ணையில உக்காந்து அதைத்தான் கேப்பார்.

கேக்குறப்பெல்லாம் அவருக்கு ஒரு குறை. அப்பாவுக்குக் கடைசிக் காலத்துல இடது கை விழுந்துபோச்சு, சும்மா ஒப்புக்கு வாசிச்சார்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. போன்ல கேட்டா அந்தப் பேச்சு நிசம்னுதான் தோணும். தவில்ல வலது பக்கம் வலந்தலை. விரல்ல கூடு மாட்டி வாசிக்கிறது. இடது பக்கம் தொப்பி, அது குச்சிக்கு. கும்முனு அடிவயித்துல இறங்குது பாருங்க, அந்த நாதம் தொப்பியோடது. தாழ்ந்த நாதம் வரணும்னா நிறையக் காத்தைத் தள்ளணும். போனுக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர் கட்டைவிரல் நகம் அளவு, அது எவ்வளவு தள்ளும்? அடி நாதம் 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து உச்ச நாதம் 20,000 வரைக்கும் கேக்குற காதை ஆண்டவன் குடுத்திருக்கான், போன் அதுல அடிப்பக்கத்தை அப்படியே விட்டுடுது. வலந்தலை சுளீர்னு விழும். தொப்பியில குச்சி பட்ட 'டக்' வரும், கும்காரம் வராது. பெத்த பிள்ளையே அப்பா கை ஓஞ்சுபோச்சுன்னு நம்பிட்டார்.

மாப்பிள்ளை கேட்டார்: "மாமா, அந்தப் பதிவை இதுல போட்டுப் பாப்போமா?" போட்டார். நாயனம் நின்னு, தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சுது. ஆரம்பிச்சதும் கூடத்துத் தரை அதிர்ந்துச்சு. தொப்பி பேசுது! வலந்தலை ஒண்ணு சொன்னா தொப்பி ரெண்டு சொல்லுது. பெரியவர் எந்திரிச்சு நின்னுட்டார். "கை இருக்கு மாப்ள... எங்கப்பாவுக்குக் கை இருக்கு!"

நடுவர் அவர்களே, மணி அடிச்சாலும் பரவாயில்லை, அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லியே ஆகணும். எழுபது வயசு மனுஷன். அப்பா போய் எத்தனையோ வருஷம். தோத்துப்போன கையோட செத்தார்னு நினைச்சு நினைச்சு மருகினவர். அவர் இடது கை தானா எந்திரிச்சு, குச்சி பிடிச்ச மாதிரி விரலை மடக்கி, தொடையில போடுது. அப்பா அங்க அடிக்க அடிக்க பிள்ளை இங்க அடிக்கிறார். வாசிப்பை முடிச்சு வைக்கிற தீர்மானம் வருது, மூணு தடவை. மூணுக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா வந்து விழறாங்க! எங்க தங்கச்சி, மாப்பிள்ளைகிட்ட முகம் குடுக்காதவ, அடுக்களையிலேர்ந்து ஓடி வந்து என்ன சொன்னா தெரியுமா? "இன்னொரு வாட்டி போடுங்க." அவ்வளவுதான். கொல்லைச் சுவர் இன்னைக்கும் எடுக்கல, அதைப் பத்தி ஒரு வார்த்தை வந்ததில்லை.

எதிரணியில இன்னொரு தம்பி கேட்டார்: "நரசிங்கம்பேட்டையில நாயனமே செய்றாங்க, திருவையாத்துல ஆராதனை நடக்குது, நேர்ல கேக்காம பொட்டியில எதுக்கு?" போங்க தம்பி, நானும் வர்றேன். ஆனா நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ல போயிட்டாரே, அவர் வாசிச்ச தோடி ராகத்தை எந்தச் சன்னதியில கேக்குறது? பக்கத்துக்கு மூணு நிமிஷம்னு ஓடின கிராமபோன் தட்டு. அதுல பதிஞ்சதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் தகர டப்பாவுல தொலைக்கச் சொல்றீங்களா? பழைய வீட்டு உத்தரத்துல, தூண்ல பல காலம் காஞ்ச ஆச்சா மரமாத் தேடிப் பிடிச்சு நாயனம் கடையறாங்க, நாதத்துக்காக. கடையறவருக்கு இருக்கிற அக்கறை கேக்கிறவனுக்கு வேண்டாமா?

இப்ப அடகுக்கு வர்றேன் சகோதரி. நாம டெல்டாக்காரங்க. ஜூன் 12-ல மேட்டூர் திறக்கப் போறாங்கன்னு சேதி வந்தா நம்ம வீட்டுல முதல்ல கழலுறது எது? தோடு. குறுவைக்கு வெச்சதைத் திருப்பி, கழுத்துல போட்டுக் கண்ணாடி பாக்கிறதுக்குள்ள சம்பாவுக்குப் போயிடும். அம்மாக்களே, நீங்க சொல்லுங்க, உங்க நகை உங்க உடம்புல இருந்த நாள் அதிகமா, கூட்டுறவுச் சங்கத்துப் பெட்டகத்துல இருந்த நாள் அதிகமா? எங்கம்மாவோட ரெட்டைவடச் சங்கிலியை நான் கழுத்துல பார்த்ததைவிட ரசீதாப் பார்த்ததுதான் அதிகம். என் அக்கா கல்யாணத்துக்குப் போச்சு, என் காலேஜ் ஃபீஸுக்குப் போச்சு, தண்ணி வராம பயிர் காஞ்ச வருஷம் மூழ்கியே போச்சு. அடகு வைக்க முடியும்கிறதாலதானே அது வீட்டை விட்டுப் போச்சு! மாப்பிள்ளை வீட்டு ஸ்பீக்கரை எந்த அடகுக்கடையும் வாங்காது. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. அதனாலதான் அது அங்கேயே இருக்கு. பயிர் காஞ்சாலும் இருக்கு, மழையில மூழ்கினாலும் இருக்கு.

எங்கம்மா தனக்குன்னு எதையும் வாங்கினதில்லை. எங்கப்பாவும் அப்படித்தான். சேத்துல நின்ன காலுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கல, காதுக்கா வாங்கியிருப்பார்? திருவிழா நாள்ல வரப்புல நின்னுக்கிட்டே ரெண்டு மைல் தள்ளிக் கேக்குற குழாய் ஸ்பீக்கருக்குக் காதைச் சாய்ச்சு, தலையாட்டுவார். காத்து திசை மாறினா பாட்டு போயிடும். அப்பவும் தலையாட்டிக்கிட்டே நிப்பார், மீதியை மனசுல கேட்டிருப்பார் போல. என் முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டார்.

உங்கள்ல எத்தனையோ பேருக்கு அப்பா இருக்கார். வயசு ஏற ஏற காதுல முதல்ல குறையறது உச்ச ஸ்தாயி, வெளியில தெரியாமலே குறையும். கேக்குற காது இருக்கிறப்பவே, இந்த அறுப்பு முடிஞ்சு கையில நாலு காசு நிக்கிறப்பவே, அவரைக் கூட்டிட்டுப் போய் ஒரு நல்ல ஸ்பீக்கர் முன்னாடி உக்கார வைங்க. அவர் சின்ன வயசுல எந்த நாயனத்துக்காகத் தேரோட விடிய விடிய நடந்தார்னு கேட்டு, அதைப் போடுங்க. முழுசா, அடி நாதத்தோட போடுங்க.

நடுவர் அவர்களே, தீர்ப்பை அந்த அப்பாக்கள் பக்கம் குடுங்க. நன்றி, வணக்கம்.